வேலூரில் அடங்கிய கண்டி மன்னர்: சென்னையிலிருந்து போன தூதர்கள் கோட்டை விட்டது எங்கே?

வேலூர் நகரில் இருந்து பாலாற்றுப் பக்கம் போனால் முத்து மண்டபம் என்ற நினைவிடம் வரும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் தொழிலுக்காக இந்தப் பக்கம் தினமும் வந்துபோகிற பலர் அதைக் கடந்திருப்பார்கள், உள்ளே எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். அங்கே இருப்பது ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் கல்லறை. இலங்கையின் கண்டி ராஜ்யத்தைக் கடைசியாக ஆண்டவர் இவர்தான். குடும்பத்தார் சிலரின் கல்லறைகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. 1990-ல் தமிழக அரசு இந்த இடத்தை நினைவு மண்டபமாக அமைத்தது.

ஒரு தீவின் மன்னர், கடலே இல்லாத வேலூருக்கு எப்படி வந்தார்? பிரிட்டிஷ்காரர்கள் போரில் பிடித்து, கைதியாக அனுப்பினார்கள் என்பது சுருக்கமான பதில். ஆனால் அந்தப் போருக்கு முன்னால் 50 வருடங்களுக்கு மேல் ஒரு பேச்சுவார்த்தை நடந்தது. சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் இருந்து கண்டிக்குத் தூதர்கள் போனார்கள், கண்டியில் இருந்து சென்னைக்குத் தூதர்கள் வந்தார்கள். அதில் ஒரு தடவையாவது பேச்சு உருப்படியாக முடிந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம். ஏன் முடியவில்லை என்று பார்ப்போம்.

கண்டி எப்படிப்பட்ட ராஜ்யம்?

இலங்கையின் நடுவில் இருக்கிற மலைநாடுதான் கண்டி. சுற்றியிருந்த கடற்கரையை முதலில் போர்த்துகீசியர்கள் பிடித்தார்கள், 1658-க்குள் அவர்களை விரட்டிவிட்டு டச்சுக்காரர்கள் உட்கார்ந்துகொண்டார்கள். கண்டியிடம் கப்பல் படை கிடையாது. உப்புக்கும் கருவாட்டுக்கும் கடற்கரைப் பக்கம்தான் கையேந்த வேண்டும்.

அப்படியானால் டச்சுக்காரர்கள் ஏன் கண்டி மன்னருக்குத் தூது அனுப்பிக்கொண்டே இருந்தார்கள்? பட்டைக்காகத்தான். பிரியாணியில் போடுகிற அதே பட்டை, இலங்கையில் கறுவா என்பார்கள். அன்றைக்கு ஐரோப்பாவில் அதற்கு நல்ல விலை. தரமான பட்டை கணிசமாக மன்னரின் காடுகளில் விளைந்தது. உரிப்பதற்கு ஆட்கள் உள்ளே போக வேண்டுமென்றால் மன்னர் சம்மதிக்க வேண்டும். அதனால் கொழும்பில் இருந்து பரிசுப் பொருட்களோடு தூதர்கள் மலையேறிப் போய், பணிவாகக் கேட்டு வாங்கிவந்தார்கள். கடற்கரை முழுக்க தங்கள் கையில் இருந்தும், மன்னருக்காகக் கடற்கரையைக் காவல் காக்கிற ஊழியர்கள் நாங்கள் என்ற தோரணையில்தான் டச்சுக்காரர்கள் கடிதம் எழுதினார்கள். அது உண்மை இல்லை என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும். ஆனாலும் அந்த நாடகம் இரண்டு பக்கத்துக்கும் தேவைப்பட்டது.

1739-ல் இன்னொரு மாற்றம் வந்தது. நரேந்திரசிங்க மன்னர் வாரிசு இல்லாமல் இறந்தார். அவருடைய ராணி மதுரை நாயக்கர் வம்சத்துப் பெண். அந்த ராணியின் தம்பி அரியணை ஏறினார். அதிலிருந்து 1815 வரை கண்டியை ஆண்ட நால்வரும் தென்னிந்தியாவில் இருந்து போன இந்த நாயக்கர் குடும்பத்தினர். நம் கதையின் கடைசி மன்னரின் சொந்தப் பெயர் கண்ணுசாமி.

தூதர் வந்தால் என்ன நடக்கும்?

கண்டிக்குப் போகும் பாதைகளை வேண்டுமென்றே காட்டுப் பாதையாக விட்டுவைத்திருந்தார்கள். படை சுலபமாக ஏறிவிடக் கூடாது என்பதுதான் காரணம். தூதர் நினைத்த வேகத்தில் போக முடியாது, அரசாங்க ஆட்கள் சொல்கிற இடத்தில் தங்க வேண்டும். மகாவலி கங்கைக்கு இந்தப் பக்கம் பல நாள் காத்திருக்க வைப்பதும் உண்டு. பிறகு ஒரு ராத்திரி நேரத்தில் தீப்பந்த வெளிச்சத்தில் அழைப்பு வரும்.

அரண்மனையில் திரை போட்டிருக்கும். திரை விலகும்போது தூதர் மண்டியிட வேண்டும். கொண்டுவந்த கடிதம் வெள்ளித் தட்டில் இருக்கும், அந்தத் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகணும். உலகம் முழுக்க ஷூ ஏற்றுமதி செய்கிற ஆம்பூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம், ஆனால் அன்றைய ஐரோப்பியத் தூதர்களை ரொம்பவே எரிச்சல்படுத்திய விஷயங்களில் இதுவும் ஒன்று.

இதை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. கப்பல் இல்லாத, பீரங்கி பலம் குறைந்த ஒரு ராஜ்யம், 'இங்கே பெரியவர் யார்' என்பதைக் காட்ட வைத்திருந்த ஒரே இடம் அந்த தர்பார் மண்டபம்தான். வெளியே யார் ஜெயித்திருந்தாலும், உள்ளே வந்தால் மண்டியிட வேண்டும்.

முறை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பிரெஞ்சுக்காரரின் கதை இருக்கிறது. 1672-ல் பிரெஞ்சுக் கடற்படை திருகோணமலைக்கு வந்தபோது லானரோல் என்பவரைத் தூதராக இரண்டாம் ராஜசிங்கனிடம் அனுப்பினார்கள். குதிரையில் இருந்து இறங்காமல் போனது, காத்திருக்கச் சொன்னபோது பொறுமை இழந்தது என்று மனிதர் அடுத்தடுத்து மரியாதைக் குறைவாக நடந்துகொண்டார். மன்னர் அவரைப் பிடித்து வைத்துவிட்டார். திரும்பிப் போகவே முடியவில்லை. இலங்கையில் இன்றும் 'டி லானரோல்' என்ற குடும்பப் பெயர் உண்டு.

1762: சென்னையில் இருந்து முதல் தூதர்

1761-ல் கண்டிக்கும் டச்சுக்காரர்களுக்கும் சண்டை மூண்டது. அப்போது ஆண்டவர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். டச்சுக்காரர்களை விரட்ட ஆங்கிலேயர்கள் உதவுவார்களா என்று கேட்டு, அவர் தன் தூதரைச் சென்னைக்கு அனுப்பினார். முதல் அடி எடுத்து வைத்தது கண்டிதான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பதிலுக்குக் கிழக்கிந்திய கம்பெனியின் சென்னை நிர்வாகம் ஜான் பைபஸ் என்ற அதிகாரியை அனுப்பியது. 1762 மே மாதம் திருகோணமலைப் பக்கம் இறங்கி, மலையேறி, மேலே சொன்ன எல்லா சம்பிரதாயத்தையும் செய்தார். காலணி கழற்றினார், மண்டியிட்டார், தட்டைத் தூக்கினார். எல்லாம் சரியாகத்தான் போனது.

கண்டியின் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: டச்சுக்காரர்களுக்கு எதிராகப் படை தருவீர்களா, மாட்டீர்களா?

இங்கேதான் சிக்கல். அந்த நேரத்தில் ஐரோப்பாவில் இங்கிலாந்தும் ஹாலந்தும் சண்டையில் இல்லை. டச்சுக்காரர்கள் மேல் படையெடுப்போம் என்று எழுதிக்கொடுக்கிற அதிகாரம் பைபஸிடம் இல்லை. அவரை அனுப்பியவர்களுக்கு வேண்டியிருந்தது இரண்டு விஷயம். மன்னர் என்ன கொடுப்பார் என்று தெரிய வேண்டும், துறைமுகமும் பட்டை வியாபாரமும் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். ஆக, பைபஸ் நிறையக் கேட்டார், எதற்கும் வாக்குக் கொடுக்கவில்லை. பெண் பார்க்க வந்துவிட்டு, முடிவு சொல்லாமல் பலகாரம் மட்டும் சாப்பிட்டுப் போன கதைதான். ஜூன் மாதம் கிளம்பிவிட்டார்.

இந்த வெறும் பயணத்துக்கு விலை கொடுத்தது கண்டி. ஆங்கிலேயர்களோடு பேசியது டச்சுக்காரர்களுக்குத் தெரிந்துபோனது, சண்டையைத் தீவிரமாக்கினார்கள். 1765-ல் கண்டி நகருக்குள்ளேயே புகுந்தார்கள். அங்கே தாக்குப்பிடிக்க முடியாமல் திரும்பினாலும், 1766 பிப்ரவரி 14 அன்று ஒரு உடன்படிக்கையில் மன்னரைக் கையெழுத்துப் போட வைத்தார்கள். அதுவரை கண்டியிடம் மிச்சம் இருந்த கடற்கரையும் அதோடு போயிற்று. தீவைச் சுற்றி ஒரு பட்டையாக நிலம் முழுவதும் டச்சு வசம். மற்ற நாட்டுக்காரர்களோடு மன்னர் தனியாக உடன்படிக்கை செய்யவும் தடை வந்தது. தூதர் மண்டியிடுகிற வழக்கத்துக்கும் அதில் முற்றுப்புள்ளி வைத்தார்கள் என்பது, அந்த சம்பிரதாயம் எவ்வளவு உறுத்தியிருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

1782: "உங்கள் ராஜா எங்கே?"

20 வருடம் கழித்து ஆங்கிலேயர்களுக்குக் கண்டி ஞாபகம் வந்தது. இப்போது ஹாலந்தோடு அவர்களுக்குச் சண்டை. 1782 ஜனவரியில் திருகோணமலையைப் பிடித்தார்கள். சென்னை கவர்னர் மெக்கார்ட்னி, ஹியூ பாய்ட் என்பவரைக் கண்டிக்கு அனுப்பினார். 1762-ல் கேட்டது இப்போது கிடைக்கும், கூட்டு சேரலாம் வாருங்கள் என்பதுதான் செய்தி.

பாய்ட் போய்ச் சேரும்போது கீர்த்தி ஸ்ரீ இறந்து, தம்பி ராஜாதி ராஜசிங்கன் பட்டத்துக்கு வந்திருந்தார். கண்டி தரப்பு பழையதை மறக்கவில்லை. எங்களுக்குத் தேவைப்பட்டபோது வந்து பார்த்துவிட்டுப் போனீர்கள், பிறகு ஒரு வார்த்தை இல்லை. இப்போது உங்களுக்குத் தேவை என்றதும் வந்திருக்கிறீர்கள் என்பதுதான் அவர்கள் வாதத்தின் சாரம். அதற்கு மேல் இன்னொரு கேள்வியும் கேட்டார்கள். கடிதம் ஏன் இங்கிலாந்து மன்னரிடம் இருந்து வரவில்லை? மன்னரோடு மன்னர்தான் பேசுவார், வியாபாரக் கம்பெனியின் ஆளோடு எப்படி உடன்படிக்கை செய்வது?

அருமையான கேள்வி இது. இன்றைக்கும் ஒரு தூதர் பதவியேற்கும்போது தன் நாட்டுத் தலைவர் கொடுத்த நியமனக் கடிதத்தை நேரில் கொடுக்கிறாரே, அதன் அடிப்படையே இதுதான். யார் சார்பில் பேசுகிறாய், உன் வார்த்தைக்கு யார் பொறுப்பு? பாய்டிடம் பதில் இல்லை. வெறுங்கையோடு கிளம்பினார். அதோடும் அவர் கஷ்டம் தீரவில்லை. சென்னைக்குத் திரும்பும் வழியில் கடலில் பிரெஞ்சுக்காரர்களிடம் மாட்டிக்கொண்டார். ஆகஸ்ட் கடைசியில் திருகோணமலையே பிரெஞ்சுத் தளபதி சஃப்ரான் கைக்குப் போனது.

1796: கையெழுத்தாகியும் நிற்காத உடன்படிக்கை

மூன்றாவது தடவை கிட்டத்தட்ட கனிந்துவிட்டது. 1795-ல் ஆங்கிலேயர்கள் மறுபடி திருகோணமலையைப் பிடித்தார்கள், ராபர்ட் ஆண்ட்ரூஸ் என்ற சென்னை அதிகாரி கண்டிக்குப் போனார். இந்த முறை பேச்சு நகர்ந்தது. கண்டித் தூதர்கள் சென்னைக்கே வந்து, 1796 பிப்ரவரி 12-ல் கையெழுத்தும் போட்டார்கள். டச்சுக்காரர்களின் இடங்கள் ஆங்கிலேயர்களுக்கு, பட்டை வியாபாரமும் அவர்களுக்கு. பதிலுக்கு, உப்பும் மீனும் எடுக்கக் கண்டிக்குக் கடற்கரையில் இடம், கடல் வியாபாரத்துக்குச் சொந்தமாகச் சில கப்பல்கள்.

பல தலைமுறையாகக் கண்டிக்குப் பூட்டியிருந்த கடல் கதவு கொஞ்சமாவது திறந்திருக்கும். ஆனால் மன்னர் இதை ஏற்று முத்திரையிடவில்லை. இதைவிட நல்ல நிபந்தனை வேண்டும், பறிபோன கடற்கரை இன்னும் அதிகமாகத் திரும்ப வேண்டும் என்று கண்டி எதிர்பார்த்தது. அதற்குள், சென்னையில் கையெழுத்தான அதே வாரத்தில், கொழும்பு ஆங்கிலேயர்களிடம் விழுந்துவிட்டது. இனி கண்டியின் தயவு எதற்கு? அவர்களும் வற்புறுத்தவில்லை.

இங்கே கண்டி செய்தது தவறா? பின்னால் நடந்ததை வைத்துப் பார்த்தால் தவறுதான். ஆனால் 1762-லும் 1782-லும் பட்ட அனுபவத்துக்குப் பிறகு, வந்த முதல் நிபந்தனைக்கே தலையாட்டாததைக் குறை சொல்வதும் கஷ்டம். பேரம் பேசுகிறவர் கையில் சரக்கு இருக்கும்போதே பேசி முடிக்க வேண்டும். கண்டியின் சரக்கு, டச்சுக்காரர்கள் கொழும்பில் இருந்தவரைதான்.

தூதருக்குப் பின்னால் ஒரு படை

1798-ல் ராஜாதி ராஜசிங்கன் இறந்தார். முதல் அமைச்சர் பிலிமதலாவை, ராணியின் உறவுக்காரப் பையனான, சுமார் 18 வயதுக் கண்ணுசாமியை அரியணையில் உட்கார வைத்தார். அவர்தான் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். சின்னப் பையன், சொன்னபடி ஆடுவான் என்று அமைச்சர் கணக்குப் போட்டார். பையன் ஆடவில்லை. உடனே அமைச்சர் கொழும்பில் இருந்த ஆங்கிலேய கவர்னர் நார்த்தோடு ரகசியமாகப் பேச ஆரம்பித்தார்.

1800-ல் நார்த் அனுப்பிய தூதர் ஒரு ராணுவ ஜெனரல். பெயர் மெக்டவல். 'பாதுகாப்புக்கு' என்று கூடப் போன சிப்பாய்கள் ஆயிரத்துக்கும் மேல், பீரங்கிகள் வேறு. கண்டியில் ஒரு பிரிட்டிஷ் படை தங்க மன்னரைச் சம்மதிக்க வைப்பதுதான் திட்டம். ஆனால் அந்த மோசமான பாதைகள் தங்கள் வேலையைச் செய்தன. பீரங்கிகளையும் படையில் பெரும்பகுதியையும் வழியிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டியதாயிற்று.

தர்பாரில் பேச்சு நடந்த விதம் சுவாரஸ்யமானது. மன்னர் அமைச்சரிடம் சொல்வார். அமைச்சர் மொழிபெயர்ப்பாளரான முதலியாரிடம் சொல்வார். முதலியார் அதைப் போர்த்துகீசிய மொழியில், ஜெனரலோடு வந்திருந்த ஜோன்வில் என்ற பிரெஞ்சுக்காரரிடம் சொல்வார். ஜோன்வில் பிரெஞ்சில் ஜெனரலிடம் சொல்வார். ஜெனரலின் பதில் இதே வழியில் திரும்பிப் போகும். ஒரு வார்த்தை அந்தப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் எத்தனை கை மாறுகிறது பாருங்கள்! மன்னர் படைக்கு இடம் கொடுக்க மறுத்துவிட்டார். அது மட்டும் தெளிவாகப் புரிந்தது.

அதற்குப் பிறகு தூதர்களுக்கு வேலை இல்லாமல் போனது. 1803-ல் ஆங்கிலேயப் படை கண்டிக்குள் நுழைந்து, முந்தைய ராணியின் சகோதரரான முத்துசாமியை மன்னராக அறிவித்தது. காய்ச்சலிலும் முற்றுகையிலும் அந்தப் படை கரைந்தது. ஜூன் மாதம் மேஜர் டேவி சரணடைந்து, திருகோணமலைக்குக் கிளம்பினார். வெள்ளம் ஓடிய மகாவலியைத் தாண்ட முடியாமல் நின்றபோது, முத்துசாமியை ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒப்படைத்தார். முத்துசாமியும் கொல்லப்பட்டார், டேவியின் ஆட்களும் கிட்டத்தட்ட எல்லோரும் கொல்லப்பட்டார்கள். டேவி கைதியாகவே கண்டியில் இறந்தார்.

கடைசி ஆள்: ஜான் டாய்லி

இவரைத் தூதர் என்று சொல்வதா, உளவாளி என்று சொல்வதா? அரசாங்கத்தின் தலைமை மொழிபெயர்ப்பாளர் என்பதுதான் பதவிப் பெயர். 1801-ல் இலங்கைக்கு வந்து சிங்களத்தை ஊன்றிப் படித்தார். மற்றவர்கள் நாலு வாய் தாண்டிக் கேட்டதை இவர் நேராகக் கேட்டார். தர்பாருக்குப் போகாமலே கண்டிப் பிரபுக்களோடு ஓலைத் தொடர்பு வைத்துக்கொண்டார். வியாபாரிகள், பிக்குகள், கிராமத்து ஆட்கள் என்று பலரிடம் இருந்து தகவல் வந்தது. யாருக்கு மன்னர் மேல் கோபம், எந்தக் கணவாயில் காவல் குறைவு என்பதெல்லாம் நாள்வாரியாக அவருடைய டைரியில் இருக்கிறது.

கோபத்துக்குக் குறைவில்லை. மன்னரும் கொடுமைகள் செய்தார். 1814-ல் எகலப்பொல என்ற பிரபு ஆங்கிலேயர் பக்கம் ஓடிப்போனதும், அவருடைய மனைவி, பிள்ளைகளை மன்னர் கொன்றது மக்களை அவருக்கு எதிராகத் திருப்பியது. 1815 ஜனவரியில் கவர்னர் பிரவுன்ரிக் போர் அறிவித்தார். பிப்ரவரியில் ஆங்கிலேயப் படை கிட்டத்தட்ட சண்டையே இல்லாமல் கண்டிக்குள் நுழைந்தது. பிரபுக்களில் பலர் ஏற்கெனவே கை மாறியிருந்தார்கள். பிப்ரவரி 18-ல் மன்னர் பிடிபட்டார்.

மார்ச் 2 அன்று, எந்த அரண்மனை வளாகத்தில் தூதர்கள் மண்டியிட்டார்களோ அங்கேயே பிரபுக்களும் கவர்னரும் கூடி உடன்படிக்கை செய்தார்கள். அதைத் தயாரித்தவர் டாய்லி. அதில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. மன்னரின் உறவினர் என்று சொல்லிக்கொள்பவர்கள் எல்லோரும் எதிரிகள், கண்டிக்குள் காலடி வைக்கக் கூடாது என்று அறிவித்தது அது. அவருடைய இனத்தைச் சேர்ந்த, 'மலபார்' என்று குறிப்பிடப்பட்ட தென்னிந்திய ஆண்களில் வெளியேற்றப்பட்டவர்கள் திரும்பி வரவும் தடை போட்டது. 76 வருடம் கண்டியை ஆண்ட குடும்பம் ஒரே கையெழுத்தில் அந்நியர்களாக ஆக்கப்பட்டது. டாய்லி கண்டியில் பிரிட்டிஷ் பிரதிநிதியாக உட்கார்ந்தார். தூதர் தங்கிப்போகிற இடத்தில் இப்போது ஆட்சியாளர்.

வேலூரில் என்ன நடந்தது?

1816 ஜனவரி 24 அன்று ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் குடும்பத்தோடு 'கார்ன்வாலிஸ்' என்ற போர்க்கப்பலில் கொழும்பில் இருந்து சென்னைக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்து வேலூர் கோட்டை. 10 வருடம் முன்புவரை திப்பு சுல்தானின் குடும்பத்தை வைத்திருந்த அதே கோட்டை. 1806 சிப்பாய் புரட்சிக்குப் பிறகு அவர்களைக் கல்கத்தாவுக்கு மாற்றிவிட்டார்கள். கோட்டைக்குள் இருக்கிற கண்டி மகால் என்ற பெயர் இந்த மன்னரை வைத்து வந்ததுதான். மன்னரின் உறவினர்கள் சிலர் தஞ்சாவூரில் வாழ்ந்தார்கள்.

16 வருடம் வேலூரில் இருந்தார். 1832 ஜனவரி 30 அன்று நீர்க்கோவை நோயால் இறந்தார். வேலூரில் பிறந்த அவருடைய மகனும் 1843-ல் வாரிசு இல்லாமல் இறந்துபோனார்.

மன்னரின் சிம்மாசனமும் கிரீடமும் இங்கிலாந்துக்குப் போய், 1934-ல் இலங்கைக்குத் திரும்பின. கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இன்று அந்தச் சிம்மாசனத்தைப் பார்க்கலாம். 1762-ல் பைபஸ் மலையேறிப் போய்ச் சேர்ந்த கண்டியில் இப்போது இந்தியாவின் துணைத் தூதரகம் ஒன்று இயங்குகிறது. பாலாற்றங்கரையில் உள்ள மன்னரின் கல்லறைக்கு வேலூரில் இருந்து போக ஆட்டோவே போதும்; முத்து மண்டபம் என்று சொன்னால் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.